பெண்கள் பக்கம்

பழைய தியேட்டர்கள் மறைந்ததைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதிவிட்டார்கள். தொடர்ந்து வாசித்தால் எல்லாம் ஒரே ஆள் எழுதியது போலிருக்கும். வீட்டுக்குத் தெரியாமல் போன இரண்டாம் ஆட்டம், ரசிகர் மன்றத் தோரணம், திரைக்கு முன்னால் வீசிய காகிதத் துண்டு, டிக்கெட் வரிசையில் நடந்த அடிதடி. இவை பொய்யில்லை. ஆனால் கொட்டகையின் ஒரு பாதியில் உட்கார்ந்திருந்தவர்களின் நினைவுகள். டூரிங் டாக்கீஸ்களில் குட்டைச் சுவரோ தட்டியோ வைத்துப் பிரித்த இன்னொரு பாதி இருந்தது. அதற்குப் பெயர் 'பெண்கள் பக்கம்'. அங்கே இருந்தவர்கள் எழுதவில்லை.

புளியங்குடியை எடுத்துக்கொள்வோம். மலையடிவாரத்து ஊர், எலுமிச்சைக்குப் பேர்போனது. சுற்றுவட்டாரம் முழுக்கப் பெண்களின் கைவேலை பீடி. தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆயிரக் கணக்கில் சுற்றி, கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் வாழ்க்கை. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு பெண் வாசலைத் தாண்டக் காரணங்கள் உண்டு: கோயில் கொடை, தர்கா, கல்யாண வீடு, துஷ்டி வீடு, ஆஸ்பத்திரி. எல்லாமே கடமைகள். போன இடத்திலும் வேலை காத்திருக்கும். கடமை எதுவுமில்லாமல் மூன்று மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார முடிந்த இடம் சினிமாக் கொட்டகை ஒன்றுதான். தனியாகப் போக முடியாது. மதினி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று கூட்டம் சேர வேண்டும். அப்படிச் சேர்வதும் சுகத்தில் பாதி.

இந்தக் கூட்டத்தின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ளப் பழைய ஜப்பானியப் படங்கள் உதவும். தமிழ் சினிமாவையும் ஜப்பானையும் சேர்த்துப் பேசும்போது நம் விமர்சகர்கள் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: குரோசவாவின் 'ராஷோமோன்' பார்த்த எஸ். பாலசந்தர், அந்த உத்தியில் 'அந்த நாள்' (1954) எடுத்தார். அது இயக்குநருக்கும் இயக்குநருக்கும் உள்ள உறவு. பார்வையாளர்களுக்குள் இருந்த உறவு பேசப்படுவதில்லை. 1920களில் ஷோசிகு நிறுவனத்தின் கமாதா ஸ்டூடியோவுக்குப் பொறுப்பேற்ற கிதோ ஷிரோ, பெண்களுக்காகப் படமெடுப்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். அவர் போட்டது வியாபாரக் கணக்கு: பெண் தனியாக வரமாட்டாள், தங்கையையோ தோழியையோ கூட்டிக்கொண்டு வருவாள். ஓசுவும் நரூசேவும் தொழில் கற்றது அந்த ஸ்டூடியோவில். இன்று உலகக் காவியங்கள் என்று நாம் பாடம் நடத்தும் படங்களுக்குப் பின்னால், துணை சேர்த்துக்கொண்டு டிக்கெட் வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள்.

நரூசேயின் 'அம்மா' (1952) படத்தைப் பாருங்கள். திரைக்கதை எழுதியவர் மிசுகி யோகோ என்ற பெண். மூத்த மகன் சாகிறான், பிறகு கணவனும் சாகிறான். சலவைக் கடையை நடத்திக்கொண்டு, இளைய மகளைச் சொந்தக்காரர் வீட்டுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, அந்தத் தாய் வேலையைத் தொடர்கிறாள். இதே கதையைக் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் எடுத்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? 'அழுகாச்சிப் படம்' என்றிருப்போம். 'கற்பகம்' (1963), 'பணமா பாசமா' (1968) போன்ற படங்களுக்குக் கிடைத்த பட்டம் அதுதான். இரண்டும் ஒரே தரம் என்று நான் வாதிடவில்லை. நரூசே அழ வைக்க மெனக்கெடுவதில்லை. நம் படங்கள் கடைசியில் பெண்ணைப் பணிய வைத்துவிட்டுத்தான் திரையை மூடின. ஆனால் டோக்கியோப் பெண்ணின் கண்ணீர் கலை, புளியங்குடிப் பெண்ணின் கண்ணீர் கேலி என்ற தீர்ப்பில் படத்தின் தரம் மட்டுமா இருக்கிறது? அழுதவள் யார் என்பதும் இருக்கிறது.

ஜப்பானிலும் கொட்டகைகள் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய ஜப்பானியப் படங்களை மறுபடி மறுபடி திரையிட்ட கின்சாவின் நமிகி-சா 1998-இல் மூடப்பட்டது. 2022 ஜூலை 29 அன்று இவானமி ஹால் மூடியது. அதை 1968 முதல் பல பத்தாண்டுகள் நடத்தியவர் தகானோ எத்சுகோ. இயக்குநராக விரும்பிப் பாரிஸில் சினிமா படித்து வந்த பெண். கவகிதா கஷிகோ என்ற இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1974-இல் அவர் தொடங்கிய திரையிடல் வரிசையின் முதல் படம், சத்யஜித் ராயின் 'அபுர் சன்சார்'. எந்தப் படம், எந்த நேரம் என்று ஒரு பெண் முடிவெடுத்த இடம் அது. நம் ஊர்ப் பெண்களுக்குக் கொட்டகையில் இருக்கை கிடைத்தது. அந்த அதிகாரம் கிடைக்கவில்லை.

அதனால் இழப்பை இனிக்க இனிக்கச் சொல்ல வேண்டாம். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பார்வையும் கேலியும் உண்டு. யார் யாரோடு உட்காரலாம் என்பதில் சாதி இருந்தது. கடைசிவரை படத்துக்கே அனுப்பாத வீடுகளும் இருந்தன.

கொட்டகைகள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறியபோது, 'வீட்டிலேயே படம் வந்துவிட்டதே, இனி எதற்கு?' என்றார்கள். 1993-இல் சன் டிவி வந்தது. 1999-இல் 'சித்தி' வந்தது. கொட்டகையில் அழுத கதைகள் கூடத்துக்குக் குடிபெயர்ந்தன. ஆனால் கூடத்தில் அவள் கை சும்மா இருப்பதில்லை. பீடி சுற்றியபடி, பூண்டு உரித்தபடி, உலை கொதிக்கும் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்தபடி பார்க்கிறாள். இப்போது போனில் நரூசேயையும் பார்க்கலாம். படம் கிடைத்துவிட்டது. மதினியோடு நடந்துபோன அந்தப் பகல் கிடைக்கவில்லை. மல்டிபிளெக்ஸ் இருக்கிறதே என்பார்கள். அதற்கு வெளியூர் போக வேண்டும், கூட வர ஓர் ஆண் வேண்டும், டிக்கெட்டுக்கு ஒரு நாள் கூலிக்கு மேல் வேண்டும்.

கல்லூரிகளில் திரைப்பட மன்றம் நடத்தும் மாணவிகளிடம் ஒன்று கேட்கலாம். 'அம்மா' படத்தைக் கருத்தரங்க அறைக்குள் மட்டும் போடாதீர்கள். பீடிக் கணக்கு முடியாத ஒரு நாளில், மதியம் இரண்டு மணிக்கு, உங்கள் தெருவில் போடுங்கள். எழுத்து வாசிக்க முடியாதவர்களுக்காக ஒருத்தி கதையைத் தமிழில் சொல்லட்டும். கணக்கு பாக்கி என்று தெரிந்தும் எத்தனை பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வருகிறார்கள் என்று பாருங்கள். வர முடியாதவர்கள் சொல்லும் காரணங்களை எழுதி வையுங்கள். பெண்கள் பக்கத்தின் வரலாற்றை அந்தக் காரணங்களிலிருந்தும் எழுதலாம்.