முதுகில் பேனல் ஒட்டிய பவர் பேங்க்: ஒரு சின்னக் கணக்கு

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையைக் கடந்தபோது, திருவள்ளூர் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கப்புறம்தான் முதுகில் சோலார் பேனல் ஒட்டிய பவர் பேங்க் ஒன்று வாங்கி, கும்மிடிப்பூண்டி வீட்டு மொட்டை மாடியில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 10,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 37 வாட்-ஹவர். உள்ளங்கை அளவு பேனல் உச்சி வெயிலில் தருவது ஒன்றரை வாட். அப்படியென்றால் 25 மணி நேர உச்சி வெயில் வேணும். நாளுக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தாலும், இழப்பையும் சேர்த்தால் ஒரு வாரம் ஆகும்.

அதைவிடப் பெரிய தப்பு வடிவமைப்பில். பேனலுக்கு வெயில் வேணும், லித்தியம் பேட்டரிக்கு நிழல் வேணும். 45 டிகிரிக்கு மேல் அதை சார்ஜ் செய்யக்கூடாது. மே மாத மாடியில் கருப்புப் பெட்டி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிடும்.

ஐடியா தப்பில்லை, இரண்டையும் பிரித்து வைக்கணும். 10 வாட் பேனல் மாடியில், பவர் பேங்க் வீட்டுக்குள், நடுவில் 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வெர்ட்டர். '12 வோல்ட்' பேனல் லோடு இல்லாதபோது 21 வோல்ட் வரை காட்டும். யூஎஸ்பிக்கு நேரடியாகக் கொடுத்தால் போச்சு. நல்ல வெயிலில் ஒன்றரை நாளில் நிரம்பும்.

ஆனால் புயலன்று வானமே மூடியிருக்கும். எச்சரிக்கை வந்த அன்றே கரண்ட்டில் ஏத்தி வச்சிடுங்க. பேனலுக்கு வேலை, வானம் வெளுத்தும் கரண்ட் வராத நாட்களில்தான்.