எண்களைப் பிடித்துப் பறக்கும் பழக்கம்

செஸ்னா 172எஸ் விமானத்தில் பயிற்சிக்குச் சேருகிறவர் முதலில் மனப்பாடம் செய்வது சில எண்களை. ஓடுதளத்தில் 55 நாட் வேகம் வந்ததும் மூக்கைத் தூக்க வேண்டும். 74 நாட்டில் மேலேற வேண்டும். என்ஜின் நின்றுவிட்டால் 68 நாட்டைப் பிடித்துக்கொண்டு இறங்க இடம் தேட வேண்டும். மற்ற எல்லைகளை வேகமானியின் முகப்பே வண்ணம் தீட்டிக் காட்டிவிடுகிறது. பச்சை வில் 48 முதல் 129 வரை. அதற்கு மேல் கலங்கல் இல்லாத காற்றில் மட்டும் போகத்தக்க மஞ்சள். 163-இல் தாண்டவே கூடாத சிவப்புக் கோடு. உலகம் முழுவதும் விமானிகள் இப்படித்தான் உருவாகிறார்கள். இந்த முறையின் பலத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பறப்பதும் விழுவதும் வேகத்தின் கையில்தான் இருக்கின்றன என்ற நம்பிக்கையை அது மாணவர் மனத்தில் ஆழமாக ஊன்றிவிடுகிறது. அந்த நம்பிக்கை தவறானது. உயிர்களைப் பறித்திருக்கிறது.

முதலில் பலம். பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி பிட்டோ 1732-இல் செய்ன் ஆற்றின் ஓட்டத்தை அளக்க வடிவமைத்த குழாய்தான் இன்றும் செஸ்னாவின் இடது இறக்கைக்கு அடியில் காற்றை எதிர்கொண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. பாய்ந்து வரும் காற்றின் அழுத்தத்தை அது வாங்குகிறது. உடற்பகுதியின் பக்கவாட்டில் உள்ள சிறு துளை சுற்றியுள்ள காற்றின் நிலையழுத்தத்தைத் தருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப மெல்லிய உலோகப் பேழை ஒன்று உப்பி முள்ளைத் தள்ளும். மின்சாரமோ கணினியோ தேவையில்லை.

இந்தக் கருவி காட்டுவது உண்மையான வேகத்தை அல்ல. அதுவே அதன் சிறப்பு. ஏறத்தாழ 10,700 அடி உயரத்தில் உள்ள லே விமான நிலையத்தில் இறங்கும்போது வேகமானி 130 நாட் காட்டினால், அடர்த்தி குறைந்த அந்தக் காற்றில் விமானம் உண்மையில் 150 நாட்டுக்கும் மேல் போய்க்கொண்டிருக்கும். சென்னையில் அதே 130 ஏறத்தாழ 130-தான். ஆனால் இறக்கையைத் தாங்குவது காற்றின் அழுத்தம். முள் காட்டுவதும் அதே அழுத்தத்தைத்தான். ஆகவே கடற்கரையிலும் மலைமேலும் விமானி ஒரே எண்ணைப் பிடித்து இறங்கலாம். உண்மை வேகத்தைக் காட்டும் கருவியாக இருந்திருந்தால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கும். இவ்வளவு எளிய பொறி இவ்வளவு கடினமான கணக்கைத் தானே தீர்த்துவிடுவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

இனி குறை. இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலுள்ள தாக்குகோணம் ஓர் எல்லையைத் தாண்டும்போது (சிறு விமானங்களில் அது சுமார் 15 பாகை) மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். விமானிகள் ஸ்டால் என்று சொல்வது இதைத்தான். இது எந்த வேகத்திலும் நேரலாம். பச்சை வில்லின் கீழ்முனையான 48, முழுச் சுமையோடு, இறக்கையின் ஃபிளாப் மடிப்புகளை இறக்காமல், சாயாமல், சீராகப் பறக்கும்போது மட்டும் பொருந்துகிற எண். உயரம் இழக்காமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்கியாக வேண்டும். அப்போது ஸ்டால் 68 நாட்டிலேயே வந்துவிடும். முகப்பின் வண்ணமோ மாறாது.

இது ஏட்டுக் கணக்கல்ல. தரையிறங்குமுன் ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில் பக்கக்காற்று தள்ளிவிட, விமானி ஓடுதள நேர்கோட்டைத் தாண்டிவிடுகிறார். திருப்பத்தை இறுக்குகிறார், சுக்கானை மிதிக்கிறார், மூக்கு தாழாதபடி கட்டுப்பாட்டை இழுக்கிறார். முள் 65-இல், பச்சைக்குள் பத்திரமாக நிற்கிறது. அந்தப் பச்சையை நம்பி இன்னும் கொஞ்சம் இழுக்கிறார். ஓர் இறக்கை முந்திக்கொண்டு விழுகிறது. மீட்கத் தேவையான உயரம் கீழே இல்லை. தனியார் சிறு விமான விபத்துகளில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாவது குறை, எல்லாமே பிட்டோ குழாயின் ஒரு துளையை நம்பியிருப்பது. குளவி கூடு கட்டினாலும் பனி உறைந்தாலும் அது அடைபட்டுவிடும். குளவித் தொல்லைக்குப் பேர்போன பிரிஸ்பேனில் 2018 ஜூலையில், குளவிக்காகக் குழாய்களுக்குப் போட்ட உறைகளைக் கழற்றாமலே மலேசியா ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ330 ஒன்று கிளம்பியது. நல்லவேளையாகப் பத்திரமாகத் திரும்பியது. 1996 பிப்ரவரியில் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் போயிங் 757-க்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அடைபட்ட குழாய்க்குள் பழைய அழுத்தம் சிறைப்பட்டிருந்தால், மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறைய, வேகமானி உயரமானியைப் போல நடந்துகொள்ளும். வேகம் கூடுவதாகக் காட்டும். தலைமை விமானியின் முகப்பில் அதுதான் தெரிந்தது. அதை நம்பி ஆட்டோ பைலட் மூக்கைத் தூக்க, விமானம் வேகமிழந்து கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள்.

ஏர் பிரான்ஸ் 447 என்ற பயணத்தில் விழுந்த விமானத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேல் 35,000 அடியில் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. வேகம் கெட்டிருந்தது சுமார் ஒரு நிமிடம்தான். மூக்கை வழக்கமான கோணத்தில், உந்துவிசையை வழக்கமான அளவில் வைத்துக் காத்திருந்தால் போதுமாக இருந்தது. விமானியோ மூக்கைத் தூக்கிக்கொண்டே போனார். விமானம் 38,000 அடிவரை ஏறி, ஸ்டால் ஆகி, நான்கு நிமிடத்துக்குள் கடலை அடைந்தது. 228 உயிர்கள். இதில் என்னை மிகவும் கலங்கவைப்பது எச்சரிக்கை ஒலியின் நடத்தை. வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால் தாக்குகோண அளவீட்டைச் செல்லாததென்று கணினி ஒதுக்கிவிடும்படி அமைத்திருந்தார்கள். அதனால் மிக மோசமான நிலையில் எச்சரிக்கை மௌனமானது. மூக்கைத் தாழ்த்தியபோது மறுபடி ஒலித்தது. சரியான செயலைத் தவறென்று அது சொன்னது. கோணத்தை அறிந்திருந்த உணர்வியைக்கூட வேகத்துக்குக் கீழ்ப்படிய வைத்திருந்தார்கள்.

அப்படியானால் தாக்குகோணமானியை எல்லா விமானத்திலும் பொருத்திவிட்டால் தீருமா? அமெரிக்கக் கடற்படை விமானிகள் கப்பல்தளத்தில் இறங்குவது கோணத்தைப் பார்த்துத்தான். சிறு விமானங்களில் அதைப் பொருத்தும் அனுமதியை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2014-இல் எளிதாக்கியது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் 2008 நவம்பரில் பெர்பிஞ்யான் அருகே ஏ320 ஒன்று விழுந்தது, உள்ளே புகுந்த நீர் உறைந்து கோண உணர்விகள் அசையாமல் நின்றதால். ஒரே ஓர் உணர்வியின் தவறான அளவீட்டை நம்பிய மென்பொருள், 2018-இலும் 2019-இலும் இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்களை வீழ்த்தியது. ஒரு கருவியின் இடத்தில் இன்னொன்றை அரியணை ஏற்றினால் பழைய நோய் புதிய பெயரில் வரும்.

மாற்ற வேண்டியது கற்பிக்கும் வரிசையை என்பதே என் முடிவு. மூக்கின் நிலையும் என்ஜின் விசையும் சேர்ந்தால் இன்ன வேகம் வரும் என்பது முதலில் கைக்குப் பழக வேண்டும். எண், அதைச் சரிபார்க்கும் சாட்சியாகப் பிறகு வரட்டும். இன்றைய திரைக்கருவிகளில் வேகம் ஒரு நாடாவாக ஓடுகிறது. அடுத்த சில நொடிகளில் அது எங்கே போகும் என்று பக்கத்தில் ஒரு கோடும் காட்டுகிறது. மாணவரின் கண் அதைவிட்டு வெளியே தொடுவானத்துக்குப் போவதே அரிதாகிவருகிறது. வேகமானியை அட்டையால் மூடிவிட்டு ஒரு முழுச் சுற்றுப் பறந்து தரையிறங்கச் சொல்லும் பயிற்சி பல பயிற்றுநர்களிடம் இருக்கிறது. அவரவர் விருப்பத்துக்கு அதை விட்டுவைக்காமல், உரிமத் தேர்வின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும்.