தண்டரர்: அழகான உடல், கோளாறான உள்ளம்

கோல்ட் கம்பெனியின் ரிவால்வர்களில் உலகம் கொண்டாடுவது 1873இல் வந்த ‘பீஸ்மேக்கர்’. சினிமாக்காரர்களும் அதைத்தான் இடுப்பில் கட்டினார்கள். எனக்கு மனசு போவது அதன் தம்பியான 1877 மாடலிடம். சற்றுச் சின்ன உடல். பறவைத் தலைபோல் உள்வாங்கி வளைந்த கைப்பிடி. விசையை இழுத்தாலே சுத்தியல் தானாக எழுந்து விழும் ‘டபுள் ஆக்‌ஷன்’ வகையில் கோல்ட் செய்து விற்ற முதல் ரிவால்வர் இது. வடிவமைத்தவர் வில்லியம் மேசன். 1909 வரை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளின் மேஜை இழுப்பறையில், பாட்டன் சொத்தாக, இன்னும் கிடக்கிறது.

கையில் எடுத்ததும் முதல் வேலை, உருளையின் ஆறு அறைகளும் காலியா என்று பார்ப்பது. அடுத்தது குழலின் இடப்பக்கம். அங்கே கோல்ட் டி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 38 இருந்தால் அது ‘லைட்னிங்’, 41 இருந்தால் ‘தண்டரர்’. மின்னல், இடி என்ற இந்தப் பெயர்களைக் கம்பெனி வைக்கவில்லை. சின்சினாட்டியில் கோல்ட் துப்பாக்கி விற்ற கிட்ரெட்ஜ் என்ற வியாபாரி சூட்டியவை. சரக்கு விற்கத் தெரிந்த மனுஷர்! ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் இந்த எழுத்துகளை அமிலத்தால் அரித்துப் பதித்தார்கள். அவை சீக்கிரம் தேய்ந்துவிடும். எழுத்தே தெரியாத குழலைப் பார்த்து உடனே போலி என்று முடிவுகட்டக் கூடாது. உருளையைப் பாருங்கள்: பீஸ்மேக்கரைப்போல் அதன் வெளிச்சுற்றில் பூட்டுப் பள்ளங்கள் இருக்காது. இந்த மாடலில் பூட்டு பின்பக்கத்தில் விழுகிறது.

நாற்பத்தொன்று என்பது சுவாரசியமான காலிபர். 1877இல் வந்த தோட்டாவில் குண்டும் கூடும் வெளியே ஒரே பருமன். குண்டின் அடிப்பகுதியை மட்டும் ஒடுக்கிக் கூட்டுக்குள் செருகியிருப்பார்கள். உயவு மெழுகு வெளியே இருக்கும், சட்டைப்பையில் போட்டால் தூசியெல்லாம் அதில் ஒட்டும். அதனால் பிற்பாடு குண்டு முழுவதையும் கூட்டுக்குள் அடக்கினார்கள். உள்ளே நுழைய வேண்டுமே, குண்டு 0.386 அங்குலமாக இளைத்தது. குழலோ அதைவிட அகலமாகவே இருந்தது. இளைத்த குண்டு அகன்ற குழலில் தளர்ந்து ஓடாமல் இருக்க, அதன் அடியைக் குடைந்து குழிவாக்கினார்கள். வெடிக்கும் வாயு அந்தக் குழியை விரித்து, குண்டைக் குழலின் சுவரோடு சேர்த்து அழுத்தும். ஒரு சிக்கலைத் தீர்க்கப்போய் இன்னொன்றை உண்டாக்கி, அதையும் சாமர்த்தியமாகச் சமாளித்த இந்தக் கதைக்காகவே சேகரிப்பாளர்கள் 41மேல் பிரியம் வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் இந்தத் தோட்டா செய்வதை விட்டு வெகுகாலமாகிவிட்டது.

இனி உள்ளம். நுணுக்கமான வில்களும் நெம்புகோல்களும் சின்ன இடத்தில் நெருக்கியடித்த இயந்திரம் அது. வில் ஒடியும், பற்கள் தேயும். ‘துப்பாக்கி ரிப்பேர்காரருக்குப் பிடித்த துப்பாக்கி’ என்றே கேலி செய்தார்கள். ஆகவே விசை இழுத்தால் சுத்தியல் எழவில்லை என்பதற்காக வீட்டுக்காரர் மனம் உடைய வேண்டியதில்லை. வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பதுதான் ஆபத்து.

விலையைத் தீர்மானிப்பது மேல்தோல். நிக்கல் பூச்சோ கறுநீல மெருகோ, ஆலையில் பூசியது இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதே சேகரிப்பாளர் கேட்கும் கேள்வி. கறுநீலத் துப்பாக்கியின் உடற்சட்டத்தை எலும்புக் கரியோடு சூளையில் இட்டுக் கடினமாக்குவார்கள். அப்போது படரும் நீலமும் பழுப்பும் சாம்பலுமான திட்டுகள் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. அவைதான் முதலில் மங்கும். மங்கினால் மங்கட்டும். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவது, பழைய செப்புத் திருமேனியின் பச்சைக் களிம்பைப் புளி போட்டுத் துலக்கியதற்குச் சமம். கண்டுபிடிப்பதும் எளிது: விளிம்புகள் மழுங்கியிருக்கும், எழுத்துகளின் ஓரம் கலைந்திருக்கும், திருகுத் துளைகள் கிண்ணம்போல் அகன்றிருக்கும்.

குடும்பக் கதைகளை நான் ரசித்துக் கேட்பேன், கணக்கில் சேர்க்க மாட்டேன். டெக்சஸின் கொலைகாரர் ஜான் வெஸ்லி ஹார்டின் 1895இல் எல் பாசோவில் 41 தண்டரர் வைத்திருந்தது வரலாறு. அதனால் ஒவ்வொரு தண்டரரும் ஏதோ ஒரு கொள்ளைக்காரன் கையிலிருந்து வந்ததாகச் சொல்லக் கேட்கலாம். காகிதம் வேண்டும். வரிசை எண்ணைக் குறித்து கோல்ட் ஆவணக் காப்பகத்துக்குக் கட்டணம் கட்டி எழுதினால், துப்பாக்கி ஆலையைவிட்டுக் கிளம்பிய நாள், காலிபர், குழல் நீளம், மெருகு, அனுப்பப்பட்ட கடை எல்லாம் பழைய பேரேட்டில் உள்ளபடி கடிதமாக வரும். 38 என்று பேரேட்டில் இருந்து கையில் 41 இருந்தால், குழலும் உருளையும் பின்னால் மாற்றியவை. நாள் இன்னொரு காரணத்துக்கும் முக்கியம்: 1898 வரை செய்த துப்பாக்கியை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது, 1899இல் செய்தது சாதாரண ஆயுதம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: விசை செத்து, மெருகு பாதி போய், யார் கையும் படாத தண்டரர் ஒரு பக்கம், சீராக இயங்கி, புது நிக்கலில் மின்னும் தண்டரர் இன்னொரு பக்கம். இரண்டில் முதலாவதற்குத்தான் நான் அதிகம் கொடுப்பேன்.