ஐந்து நட்சத்திரங்கள், இரவல் ஆட்டம்

அணிப் பட்டியலைப் பார்த்தால் கோப்பை இவர்களுக்குத்தான் என்று தோன்றும். கேப்டன், 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரை இயக்கிய தெட்சுரோ அராக்கி. எழுத்துக் குழுவில் 'மடோகா மாஜிகா' புகழ் கென் உரோபுச்சி. பாத்திர வடிவமைப்பு, 'டெத் நோட்' மாங்காவை வரைந்த தகேஷி ஒபாட்டா. இசை ஹிரோயுகி சவானோ. தயாரிப்பில் 'யுவர் நேம்' படத்தின் கென்கி கவாமுரா. இந்த ஐவரும் சேர்ந்து களமிறங்கிய 'பபிள்' என்ற அனிமே படம் 2022 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. ஐவரும் தங்கள் பழைய ஆட்டத்தையே மறுபடி ஆடிவிட்டுப் போனதுதான் மிச்சம்.

களம் என்னவோ அபாரம். வானிலிருந்து குமிழிகள் விழுந்து டோக்கியோவின் ஈர்ப்பு விசையே குலைந்துபோகிறது. பாதி மூழ்கி, ஆளரவமற்றுப்போன நகரத்தில் அநாதை இளைஞர்கள் அணிக்கு ஐவராகப் பிரிந்து, அன்றாடத் தேவைக்கான பொருட்களைப் பந்தயமாக வைத்து தடைகளைத் தாவிக் கடந்து ஓடும் பார்க்கூர் போட்டியில் மோதுகிறார்கள். முதலில் கொடியைத் தொடும் அணிக்கு வெற்றி. தொடக்கப் போட்டியில் ஓடுபாதை, எதிரணியின் வியூகம், தவறினால் விழவேண்டிய நீர்ச்சுழி எல்லாமே கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. நிமிர்ந்து உட்காருகிறோம்.

சறுக்கல் அதற்குப் பிறகுதான். பார்க்கூரின் உயிர் தாவலில் இல்லை, தரையிறங்குவதில் இருக்கிறது. பிரான்ஸில் இக்கலையை வளர்த்த டேவிட் பெல்லின் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முழங்கால் எப்போது மடங்குகிறது, தோள் எப்படி உருண்டு அதிர்ச்சியை வாங்குகிறது என்பதில்தான் வித்தை. 'பபிள்' படத்தில் எடை போய்விட்டதால் அந்தக் கணமும் போய்விட்டது. நாயகன் ஹிபிகி குமிழிக்குக் குமிழி தாவும்போது, டைட்டன்களுக்கு நடுவே கம்பி வீசிப் பறந்த அராக்கியின் பழைய வீரர்களே நினைவுக்கு வருகிறார்கள். அங்கே ஒரு நொடி பிசகினால் மரணம். இங்கே அதே சுழற்சியும் அதே வேகமும் உண்டு, பதற்றம் மட்டும் இல்லை. சவானோவின் இசையும் அதே கொந்தளிப்பைக் கேட்ட மாதிரியே கொடுக்கிறது.

கதையிலும் இதே கோளாறு. ஹிபிகியைக் காப்பாற்றும் குமிழி, உத்தா என்ற பெண்ணாக மாறுகிறது. அவனைத் தொட்டால் கரைந்துவிடுவாள். ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதை இது. இதை ஒளிக்காமல் படமே சொல்லிவிடுகிறது. இரவல் வாங்குவது குற்றமில்லை. இயக்குநர் மியாசாகி 2008இல் 'போன்யோ'வுக்கு இதே கடற்கன்னியை எடுத்து, ஐந்து வயதுச் சிறுவனின் தோழியாக்கி, முடிவையும் மாற்றினார். உரோபுச்சியே 'மடோகா'வில் சயாகா என்ற பெண்ணுக்கு இக்கதையின் நிழலைத் தந்திருக்கிறார். அவள் யாருக்காகத் தன்னை இழந்தாளோ அவன் வேறொருத்தியிடம் போகிறான். மூலக்கதையின் ரணம் அதுதான்: இளவரசன் இன்னொருத்தியை மணக்கிறான். 'பபிள்' படத்தில் அந்த இன்னொருத்தி இல்லை, ஏமாற்றம் இல்லை, காதலில் எந்த முடிச்சும் இல்லை. கடைசியில் உத்தா கரையும்போது நமக்கு வலிக்காததற்குக் காரணம் இதுவே.

விதிகளோடு ஒரு புதிய விளையாட்டையே உருவாக்கிவிட்டு, அதைப் பாதியில் கைவிட்டதுதான் பெரிய வியூகப் பிழை. கடத்தப்பட்ட விஞ்ஞானி மகோதோவை மீட்க, இயந்திரக் காலணி அணிந்த எதிரணியோடு மோதும் போட்டிதான் படத்தின் உச்சமாக இருந்திருக்க வேண்டும். அதை இடைவேளை விருந்தாக முடித்துவிட்டு, டோக்கியோ கோபுரத்தை நோக்கி ஓடுகிறது படம். நகரமே அழியும் ஆபத்து, அதைத் தடுக்க ஒரு பெண்ணின் தியாகம் என்று 'வெதரிங் வித் யூ' படம் ஏற்கெனவே மிதித்த பாதை அது.

அதே 2022 டிசம்பரில் வந்த 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' படமோ ஒரே ஒரு கூடைப்பந்துப் போட்டியை நம்பிக் களமிறங்கியது. கடைசி நொடிகளில் ஒலியைக்கூட அடக்கிவிட்டு, ஆட்டத்தை மட்டும் பேசவிட்டார் இயக்குநர் தகேஹிகோ இனோவே. உலகத்தைக் காப்பாற்றும் வேலை எதுவும் அந்த வீரர்களுக்கு இல்லை. ஆனாலும் ஒரு புள்ளிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஆட்ட நாயகன் விருதை, 'பபிள்' படத்தை உருவாக்கிய விட் ஸ்டுடியோவின் ஓவியர்களுக்குக் கொடுக்கலாம். வெள்ளத்தில் மிதக்கும் டோக்கியோ அவர்களின் சாதனை. தோல்விக்குப் பொறுப்பு கேப்டனுடையது. கையில் சொந்தமாக ஒரு ஆட்டம் இருந்தும் அதை அவர் நம்பவில்லை.