பழைய ஜூம் லென்ஸ்: திருத்த வேண்டிய குறையும் ஏற்க வேண்டிய குறையும்

பழைய ஜூம் லென்சுகளைப் பற்றி இரண்டு கருத்துகள் வழங்குகின்றன. எல்லாக் குறைகளையும் நீக்கிப் புதிதுபோல் ஆக்கிவிடலாம் என்பது ஒன்று. குறைதான் அதன் அழகு என்பது மற்றொன்று. இரண்டுமே பிறவிக் குறைக்கும் பின்னால் வந்த நோய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பிறவிக் குறைக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1963இல் நிக்கான் வெளியிட்ட 43–86 மி.மீ. ஜூம். 35 மி.மீ. நிழற்படக் கருவிகளுக்கான முதல் ஜூமான ஃபோக்லெண்டர் ஜூமார் 1959இல்தான் வந்திருந்தது. நிக்கானின் லென்சோ கைக்கு அடக்கமானது; பரவலாக விற்றது. ஆனால் 43இல் நேர்கோடுகள் வெளிப்புறமாகவும் 86இல் உட்புறமாகவும் வளையும். எதிரே விளக்கோ வெயிலோ இருந்தால் படம் வெளுக்கும். 9 கண்ணாடிகள் கொண்ட அந்த அமைப்பை 1970களின் நடுவில் நிக்கான் நிறுவனமே 11 கண்ணாடிகளாக மாற்றியது. வடிவமைப்பில் உள்ள குறையை எந்தப் பழுதுபார்ப்பவராலும் நீக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

நோய் வேறு வகை. செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய நசரத்பேட்டை போன்ற இடங்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பீரோவுக்குள் கிடக்கும் லென்சில் பூஞ்சை எளிதில் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். தொடக்கத்திலேயே துடைத்தால் தப்பலாம். அரித்த தடம் பின்னர் போகாது. உள்ளே உள்ள மசகு கசிந்து துளைத் தகடுகளில் ஒட்டினால் அவை நேரத்துக்கு மூடாமல் படம் வெளிறும்.

"திருகைக் கழற்றித் துடைத்தால் போதும்" என்ற அறிவுரை ஜூம் லென்சுக்குப் பொருந்தாது. அதில் கண்ணாடித் தொகுதிகள் சாய்ந்த காடிகளின் வழியே, ஒன்றுக்கொன்று கணக்காக நகர்கின்றன. மரை ஒரு சுற்று மாறிப் பூட்டினாலும் தொலைவுப் பொருள்கள் தெளிவாக விழாமல் போகலாம். கழற்றும் முன் ஒவ்வொரு நிலையையும் கோடிட்டுக் குறிக்க வேண்டும். பழகுவதற்குப் பயனற்ற லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

எது எந்தக் குறை என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். ஜன்னல் கம்பிகளை ஜூமின் இரு முனைகளிலும் படமெடுங்கள். கோடு வளைந்தால் அது பெரும்பாலும் பிறவிக் குறை. கட்டடங்களைத் தவிர்த்து முகங்களை எடுக்கலாம், துளையை எஃப்/8 வரை சுருக்கலாம், வெயில்மறைப்பு மாட்டலாம், வளைவைக் கணினியிலும் நிமிர்த்தலாம். அடுத்து, துளையை முழுதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நூல்போன்ற இழையோ பனிபோன்ற மங்கலோ தெரிந்தால் அது நோய், தாமதம் கூடாது. துடைத்தபின் தோலுறையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

கோட்டின் வளைவை லென்சின் குணம் என்று ஏற்கலாம். பூஞ்சையையும் குணம் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். பக்கத்தில் வைக்கும் நல்ல லென்சுக்கும் அது பரவக்கூடும்.