மறைந்துபோன எழுவாய்

பெரம்பலூரைத் தொட்டுச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலும், சுண்ணாம்புக்கல் லாரிகள் விரையும் அரியலூர்ச் சாலைகளிலும் 108 ஊர்தியின் ஒலி கேட்டால் நாம் ஒதுங்கி வழிவிடுகிறோம். அச்சேவையை 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கியவர் இராமலிங்க ராஜு. தமிழகத்திற்கு அது 2008-இல் வந்தது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தை 1987-இல் நிறுவியவரும் அவரே. உண்மை என்று பொருள்படும் அப்பெயரின்கீழ் பல்லாண்டுகள் பொய்க்கணக்குக் காட்டியவரும் அவரே.

2009 சனவரி 7 அன்று, தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு இயக்குநர் குழுவுக்கு அவர் எழுதிய கடிதத்தை வழக்கு ஆவணமாகவே பலரும் படித்தனர். ஒரு மனிதரின் உள்ளத்தைக் காட்டும் எழுத்தாகவும் அதைப் படிக்கலாம் என்பது நம் எண்ணம்.

எண்களைச் சொல்லும் இடத்தில் அக்கடிதம் ஒளிவற்றது. ஏட்டிலிருந்த கையிருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம். ஒரு காலாண்டின் இலாபம் 649 கோடி என்று காட்டப்பட்டது. உண்மையில் 61 கோடி. மன்னிப்புக் கேட்கிறார், சட்டத்தின்முன் நிற்கவும் இசைகிறார். இத்துணிவை நாம் குறைத்துக் கூற மாட்டோம்.

மனத்தைப் பற்றிப் பேசும்போதோ நடை மாறுகிறது. சிறிதாயிருந்த இடைவெளி ஆண்டுதோறும் தானே வளர்ந்ததாம். வளர்த்தவர் யார்? வாக்கியத்தில் எழுவாயைக் காணோம். புலிமேல் ஏறியவன் இறங்க வழியறியாது தவிக்கும் உவமையும் வருகிறது. உவமை நன்று; ஆயினும் அது ஏமாற்றியவரையே இரக்கத்திற்குரியவராக்கிவிடுகிறது. புலிக்கு இரை போட்ட கை எவருடையது? நிறுவனத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்றும் கடிதம் சொல்கிறது. பணத்தாசை மட்டுமே குற்றம் என்பதுபோல! சத்யம் வெறுங்கூடன்று. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்த நிறுவனம். அந்தக் காலாண்டில் 2,112 கோடி ரூபாய் வருவாய் மெய்யாகவே வந்திருந்தது. இலாபம் சிறிது என்று சொல்லிக்கொள்ள மட்டும் மனம் ஒப்பவில்லை. சிறியவராகக் காணப்பட அஞ்சிய அந்தச் செருக்கே வீழ்ச்சியின் வேர் என நாம் கருதுகிறோம். கடிதம் அதைத் தொடவே இல்லை. 2015-இல் தனி நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அவர் பிணை பெற்றார்.

அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ஒப்புரவுக்குச் செல்லும் நாமும், ‘கோபம் வந்துவிட்டது’, ‘வாய் தவறிவிட்டது’ என்றுதானே சொல்கிறோம்? நம் பாவங்களுக்கும் எழுவாய் இருப்பதில்லை.

ஆனால், எழுவாயாக நிற்கத் துணிந்த ஒருவரை நம் மண் அறியும். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்ததால் இரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதைய இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தைத் தகர்த்தது அவரல்லர். எனினும், பொறுப்பைத் தம்முடையதாக்கிக்கொண்டார்.

108 ஊர்தி காத்த உயிர்கள் மெய். ஏட்டிலிருந்த பொய்யும் மெய். அந்நன்மைக்காக நாம் நன்றி கூறுவோம். ஆனால் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைக் கழித்துவிட முயன்றால், நாமும் ஒரு பொய்க்கணக்கையே எழுதியவராவோம்.