படம் சரி, சாப்பாட்டுக்கு?

சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ டீக்கடை வாசலில் நிற்கும் இளைஞனிடம் "என்ன பண்றே தம்பி?" என்று கேட்டால், "படம் பண்றேன்ணே" என்பான். அடுத்த கேள்வி நம்மூரில் தப்பாமல் வரும்: "அது சரி, சாப்பாட்டுக்கு என்ன பண்றே?" இதைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ தமிழ்ச் சுயாதீன சினிமாவின் வரலாற்றையே இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. நம் திரை விமர்சனம் ஷாட்டைப் பற்றிப் பேசும், அரசியலைப் பற்றிப் பேசும். படம் எடுத்து முடித்த மூன்று வருடமும் எடுத்தவரின் வீட்டு வாடகையை யார் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்காது.

ஜெயகாந்தன் 1965இல் தன் நாவலான 'உன்னைப்போல் ஒருவ'னைத் தானே படமாக்கியபோது அவருக்குச் சோறு போட்டது பேனா. பத்திரிகைகள் காத்திருந்து வாங்கிப் போட்ட எழுத்தாளர் அவர். சினிமாவின் தயவில் வாழவேண்டிய அவசியம் இல்லாததால்தான் சினிமாவின் பேச்சைக் கேட்காமல் இருக்க முடிந்தது. படத்துக்குத் தேசிய விருது வந்தது, கொட்டகைகள் வரவில்லை. 1977இல் ஜான் ஆபிரகாம் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். அதற்கும் தேசிய விருது கிடைத்தது. ஒளிபரப்புவதாக அறிவித்த தூர்தர்ஷன், எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 1979இல் ஜெயபாரதி 'குடிசை' எடுத்தபோது பலரிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டித்தான் எடுத்தார். கூட்டு நிதி என்ற பெயரெல்லாம் அதற்கு அப்போது கிடையாது. ஊரிடம் கையேந்துவது என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் காலத்துக் கஷ்டத்துக்கு ஓர் அளவு உண்டு. 35 எம்.எம். சுருள் 1000 அடி ஓடி முடிய ஏறக்குறைய 11 நிமிடம். வாங்கும்போது ஒரு விலை, கழுவும்போது ஒரு விலை, பிரதி எடுக்கும்போது இன்னொரு விலை. நடிகர் ஒருமுறை தடுமாறினால் தயாரிப்பாளர் வயிற்றில் கலக்கும். 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபின் அந்தக் கலக்கம் போனது. புகைப்படக் கேமராவிலேயே சினிமாவுக்கு நெருக்கமான படம் கிடைத்தது. அதையொட்டி கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படங்களுக்கு மேடை போட்டது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லாரும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். 2012இல் 'பீட்சா', 2013இல் 'சூது கவ்வும்'.

இந்த அலையைக் கேமராவின் சாதனையாகவே எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். கார்த்திக் சுப்புராஜ் மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்தவர். சனி ஞாயிறில் எடுத்த அந்தக் குறும்படங்கள் பலவற்றுக்கு உண்மையான தயாரிப்பாளர் ஐ.டி. கம்பெனியின் மாதச் சம்பளம்தான். தவிர, அவற்றில் பெரும்பாலானவை கோடம்பாக்கத்துக்கான விசிட்டிங் கார்டுகள். கதவைத் தட்டுவதற்காக எடுக்கப்பட்டவை; கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அதைச் சுயாதீன சினிமா என்று அழைத்ததில்தான் கொஞ்சம் குழப்பம்.

'காக்கா முட்டை' மணிகண்டன் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தவர். இந்தத் தொழிலை ஏளனமாகப் பேசும் உதவி இயக்குநர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, கூட்டத்தை ஒதுக்க முடியாது, தாலி கட்டுவதற்கு ரீடேக் கிடையாது. எந்த நேரத்தில் எந்த முகம் உடையும் என்று ஊகித்து முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். இதைவிட நல்ல பயிற்சியைக் காசு கட்டிப் படிக்கும் இடங்களில் தருகிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். (படிப்பை மட்டமாகச் சொல்லவில்லை. தரமணி அரசுத் திரைப்பட நிறுவனத்தின் வேர் 1945இல் இருக்கிறது. பாலுமகேந்திரா தன் கடைசிக் காலத்தில் நடத்திய சினிமாப் பட்டறைக்கு ஒரு பரம்பரையே உண்டு. படிக்க வசதியுள்ளவர்கள் படிக்கட்டும்.)

கேமரா மலிந்துவிட்டது, எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மலியாதது ஒலி. முதல் படக்காரர்கள் வாடகைக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் கையிலிருப்பதைக் கொட்டிவிட்டு, ஒலிப்பதிவாளரைக் கடைசி நாளில் தேடுவார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அழகியல் என்று சொல்லித் தப்பிக்கலாம். வசனம் காதில் விழாவிட்டால் அப்படித் தப்பிக்க முடியாது. ஒலியைவிடவும் மலியாதது காலம். பத்து நாள் படப்பிடிப்பை நண்பர்கள் தாங்குவார்கள். ஒன்றரை வருட எடிட்டிங்கை யாரும் தாங்கமாட்டார்கள்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 75 நிமிடப் படம். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவர, குடிகார அப்பனும் சின்னப் பையனும் வெயிலில் போகிறார்கள்; அவ்வளவுதான் கதை. இயக்குநரின் சகோதரி புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்து ஊர் வந்து சேர்ந்ததுதான் விதை. நடையை அவர் ஆணின் காலுக்கு மாற்றினார். படம் எடுத்தது மேலூர்ப் பக்கம், அவருக்குத் தெரிந்த மண்ணில். அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, சென்னையில் டிவிடி கடை வேலை, பிறகு 'மணல் மகுடி' நாடகக் குழு. டிவிடி கடைதான் அவருக்குத் திரைப்படக் கல்லூரி. உலக சினிமாவை அலமாரியில் அடுக்கிக்கொண்டே பார்த்த படிப்பு அது. சாப்பாட்டுக்குச் செய்த வேலையே படிப்பும் ஆனது. பனியன் கம்பெனியில் சிறுவர்கள் படும் பாட்டைப் பார்த்த கண்தான், அந்தப் பையன் வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொள்வதையும் பார்த்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

2021இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஒரு கட்டம்தான் இளைஞர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் கோவாவில் ஃபிலிம் பஜார் நடத்துகிறது. முடியாத படங்களை அங்கே வல்லுநர்களிடம் காட்டலாம். 'கூழாங்கல்' முடியாத நிலையில் அங்கே போனது. இயக்குநர் ராம் பார்த்தார். அவர் வழியாகப் படத்தின் தயாரிப்பு விக்னேஷ் சிவன்–நயன்தாரா கைக்குப் போனது.

நம் இலக்கியத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: ஆற்றுப்படை. பரிசு பெற்ற பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வது. தமிழில் கவனம் பெற்ற சுயாதீனப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 'காக்கா முட்டை'க்குத் தனுஷும் வெற்றிமாறனும், 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு விஜய் சேதுபதி, 'சேத்துமா'னுக்கு பா. ரஞ்சித், வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி'க்குச் சிவகார்த்திகேயன், வர்ஷா பரத்தின் 'பேட் கேர்'ளுக்கு மறுபடியும் வெற்றிமாறன். வடிவத்தில் சுயாதீனம், வாசலில் புரவலர். இந்தப் புரவலர்களுக்கு நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வழி சொல்லும் பாணன் எதிரே வராவிட்டால்? சென்னையில் யாரையும் தெரியாத ஒருவரின் படத்தை ராம் போன்ற ஒருவர் பார்ப்பது ஒரு தற்செயல். தற்செயலை நம்பி ஒரு தலைமுறையே வேலையை விட முடியுமா?

புரவலர் இல்லாத வழிகளும் உண்டு, நீளமானவை. செழியன் ஒளிப்பதிவில் பெயர் எடுத்தபின் 'டு லெட்' எடுத்தார். தயாரித்தவர் அவருடைய மனைவி. கோவை அருண் கார்த்திக் வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பித்தார். திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை' சிறுகதையை அடிப்படையாக வைத்து அவர் எழுதிய 'நசீர்' திரைக்கதைக்கு ராட்டர்டாம் விழாவின் ஹியூபர்ட் பால்ஸ் நிதி உதவியது. ஒரு நெதர்லாந்து நிறுவனம் கூட்டுத் தயாரிப்பில் சேர்ந்தது. 2020இல் அதே விழாவில் நெட்பாக் விருது. விண்ணப்பம் எழுதுவது, மொழிபெயர்ப்பது, வரவுசெலவுத் திட்டம் போடுவது என்று இந்த வழியில் இருக்கும் எழுத்து வேலை பலரை மிரட்டுகிறது. இயக்குநரின் வேலையில் பாதி அதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'நசீர்' திலீப்குமாருடையது. 'சேத்துமான்' பெருமாள்முருகன் கதை. அம்ஷன் குமாரின் 'ஒருத்தி' (2003) கி. ராஜநாராயணனின் 'கிடை'. பி. லெனினுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது தந்த 'ஊருக்கு நூறு பேர்' ஜெயகாந்தன். சிறுபத்திரிகைகளில் நூற்றுக்கணக்கில் கதைகள் கிடக்கின்றன. எழுத்தாளரைப் போய்ப் பார்த்து, சிறு தொகையானாலும் கொடுத்து, எழுத்துப்பூர்வமாக உரிமை வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று நான்கிலும் தன் பெயரைப் பார்க்கும் ஆசை நம் ஆட்களை விடுவதில்லை.

விழாக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விழா முத்திரையான இலைக்கொத்துகள் நெருக்கியடிக்கும் போஸ்டர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். 'முப்பது சர்வதேச விருதுகள்' என்று இருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டிய எல்லாருக்கும் ஏதோ ஒரு விருது தரும் விழாக்கள் இணையத்தில் ஏராளம். அவை ஒரு தொழில், அவ்வளவே. பெரிய விழாக்கள் முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று பார்க்கும். அவசரப்பட்டு யூடியூபில் ஏற்றியவரும், சில்லறை விழாவில் காட்டியவரும் அந்தக் கதவைத் தாங்களே சாத்திக்கொள்கிறார்கள்.

படம் முடிந்தபின்தான் பார்வையாளரை நோக்கிய நடை. கொட்டகையில் காட்டத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். லீனா மணிமேகலையின் 'செங்கட'லுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்தான் அனுமதித்தது. 2021இல் அந்தத் தீர்ப்பாயமே கலைக்கப்பட்டது. இனி உயர் நீதிமன்றம்தான்; வக்கீல் செலவு யார் கணக்கில்? டிஜிட்டல் புரொஜெக்ஷன் கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏப்ரல் வரை நீண்டது. பெரிய முதலாளிகளுக்கே வலித்த கட்டணம் அது. ஓடிடி வந்தபோது விடிந்துவிட்டது என்றார்கள். டைகர் விருது பெற்ற 'கூழாங்கல்' சோனிலிவ்வில் வந்தது 2023 அக்டோபரில். விருதுக்கும் நம் வீட்டுத் திரைக்கும் நடுவே இரண்டரை வருடத்துக்கும் மேல். 2017இல் விழாக்களுக்குப் போன 'டு லெட்' கொட்டகைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். முதல் படத்தை முடித்தவர் இந்த இடைவெளியில் என்ன சாப்பிட்டார் என்பதுதான், மறுபடியும், கேள்வி.

பெண்களுக்கு இந்த இடைவெளி இன்னும் நீளம். தனியாக அறை கிடைப்பதிலிருந்தே தொடங்குகிறது அது. டிஸ்கஷன் முடிந்து இரவு பன்னிரண்டு மணிக்கு எப்படித் திரும்புவது என்பது ஆண் உதவி இயக்குநரின் கணக்கில் வராத செலவு. கேரளத்தில் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை தயாரிப்புக்கே தரும் திட்டத்தை நடத்துகிறது. படம் முடிந்தபின் மானியத்துக்கு மனுப்போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தேர்வு முறை பற்றி அங்கேயும் சண்டை நடக்கிறது. சண்டை போட ஒரு திட்டமாவது இருக்கிறதே.

ஜான் ஆபிரகாம் தமிழில் ஒரு படம் முடித்துவிட்டுப் போய்க் கேரளத்தில் செய்ததும் நினைவுக்கு வருகிறது. நண்பர்களோடு ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்த் திரை கட்டிச் சாப்ளின் படம் காட்டினார்கள். பார்த்தவர்கள் கொடுத்த சில்லறையைச் சேர்த்தார்கள். அந்தச் சில்லறையில் 1986இல் 'அம்ம அறியான்' முடிந்தது. விநியோகஸ்தரைத் தேடாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு காசு கொடுத்த ஊர்களுக்கே திரும்பப் போனார்கள். அன்று அந்தப் பெட்டியையும் புரொஜெக்டரையும் சுமக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. இன்று இரண்டும் ஒரு தோள்பையில் அடங்கும். மேலூரிலிருந்து கடைசி பஸ்ஸில்கூடக் கொண்டுபோகலாம்.